கிடங்குக்கு டபிள்யூ.எம்.எஸ் வாங்கப் போகிறீர்களா? தேர்வு முதல் கோ-லைவ் (இயங்கத் தொடங்கும் நாள்) வரை முழுமையான வழிகாட்டி

எந்த டபிள்யூ.எம்.எஸ் (கிடங்கு மேலாண்மை சாஃப்ட்வேர்) டெமோவைப் பார்த்தாலும் கதை ஒன்றுதான். சரக்கு வருகிறது, ஸ்கேன் ஆகிறது, ரேக்கில் ஏறுகிறது, ஆர்டர் வருகிறது, எடுத்து பேக் செய்கிறார்கள், லாரி கிளம்புகிறது. இந்த வழியில் எல்லா சாஃப்ட்வேரும் நன்றாகத்தான் ஓடும். பணமும் நேரமும் கரைவது வேறு இடங்களில்: லேபிள் கிழிந்த பெட்டி, ஒரே பேலட்டில் (பெட்டிகளை அடுக்கும் பலகை) இரண்டு பேட்ச் (ஒரே தடவையில் தயாரான தொகுதி), பாதி எடுத்து முடித்த பிறகு கேன்சல் ஆகும் ஆர்டர், திரையில் 48 என்று காட்டும் இடத்தில் கையை விட்டால் 45. அந்த நேரத்தில் சாஃப்ட்வேர் என்ன செய்கிறது என்று பார்த்தால்தான் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். இந்த வழிகாட்டி முழுக்க அந்தப் பார்வையில்தான் எழுதியிருக்கிறேன். நீங்கள் பெரிய நிறுவனம், ஒன்றுக்கு மேற்பட்ட கிடங்குகள் இருக்கின்றன, ஏற்கெனவே ஒரு இ.ஆர்.பி (கொள்முதல், விற்பனை, கணக்கு எல்லாவற்றையும் பார்க்கும் நிறுவன சாஃப்ட்வேர்) ஓடுகிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில், இது உங்களுக்குத் தேவைதானா?

இ.ஆர்.பி-யில் உள்ள ஸ்டாக் மாட்யூலுக்குப் பொதுவாக "எவ்வளவு இருக்கிறது" என்பது தெரியும். டபிள்யூ.எம்.எஸ்-க்கு "எந்த ரேக்கில், எந்த நிலையில், எந்த பேட்ச், அதை அடுத்து யார் எங்கே கொண்டுபோக வேண்டும்" என்பதும் தெரியும். பொருட்கள் குறைவு, ஒவ்வொன்றுக்கும் நிரந்தர இடம், ஒரே ஷிப்ட் என்றால் இ.ஆர்.பி போதும், தாராளமாக இதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஒரே பொருள் பல இடங்களில் கிடக்கிறது, காலாவதி தேதியோ சீரியல் எண்ணோ பார்க்க வேண்டியிருக்கிறது, எது எங்கே என்று ஒரே ஒரு பழைய ஆளுக்குத்தான் தெரியும், அவர் லீவு போட்டால் வேலை தடுமாறுகிறது என்றால் மேலே படியுங்கள்.

ஒரு குழப்பத்தை ஆரம்பத்திலேயே தீர்த்துவிடுவது நல்லது. கன்வேயர், சார்ட்டர் (பெட்டிகளைப் பிரித்து அனுப்பும் இயந்திரம்), ரோபோ இருந்தால் டபிள்யூ.சி.எஸ், டபிள்யூ.இ.எஸ் என்ற பெயர்களும் காதில் விழும். மோட்டாரையும் சென்சாரையும் நொடிக்கு நொடி ஓட்டுவது டபிள்யூ.சி.எஸ். எந்த வேலையை எப்போது கீழே இறக்குவது, மனிதனுக்கா இயந்திரத்துக்கா என்று சமன்படுத்துவது டபிள்யூ.இ.எஸ். ஸ்டாக்கின் கணக்கு டபிள்யூ.எம்.எஸ்-இடம். இயந்திரம் வைக்கும் எண்ணம் இருந்தால், ஆர்டரை வேலையாக மாற்றித் தளத்துக்கு அனுப்பும் முடிவு யார் கையில் இருக்கும் என்பதை வாங்குவதற்கு முன்பே எழுத்தில் முடிவு செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு விற்பனையாளர்களும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள்.

படி 1: கிடங்கில் போய் நில்லுங்கள்

மீட்டிங் ரூமில் உட்கார்ந்து தேவைகளை எழுதாதீர்கள். சரக்கு இறங்கும் இடத்தில் நெரிசலான நேரத்தில் நில்லுங்கள், அப்புறம் ஒரு இரவு ஷிப்ட் முழுக்க இருந்து பாருங்கள். ஆர்டர் 100 பெட்டி என்கிறது, வந்தது 96, அதோடு வேறு பேக் அளவில் 8 சின்னப் பெட்டி. இறக்கும் ஆள் என்ன செய்கிறார்? சூப்பர்வைசருக்கு போன் அடிக்கிறார், அவர் "இறக்கி ஓரமாக வை" என்கிறார். அந்த "ஓரம்" உங்கள் சிஸ்டத்தில் எங்கேயும் இல்லாத ஒரு இடம். அப்படிப்பட்ட ஓரங்கள் எத்தனை என்று பாருங்கள். சுவரில் ஒட்டிய தாள், வெள்ளைப் பலகையில் எழுதிய எண்கள், சூப்பர்வைசர் தனக்கென்று வைத்திருக்கும் எக்ஸெல் ஷீட், எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். யாரும் கேட்காமல் ஒருவர் ஒரு எக்ஸெல்லைத் தினமும் பராமரிக்கிறார் என்றால், இப்போதைய சிஸ்டத்தில் அந்த இடத்தில் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம்.

இதோடு கடந்த 12 மாத ஆர்டர் வரிகளை (ஓர் ஆர்டரில் ஒரு பொருளுக்கு ஒரு வரி) எடுத்து அலசுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை வரி, ஒரு ஆர்டருக்கு எத்தனை வரி, ஒரே ஒரு வரி மட்டும் உள்ள ஆர்டர் எத்தனை சதவீதம், சாதாரண நாளுக்கும் உச்ச நாளுக்கும் எவ்வளவு இடைவெளி. கிடங்குச் செலவில் பாதிக்கு மேல், சுமார் 55 சதவீதம் வரை, பிக்கிங்கில்தான், அதாவது ஆர்டருக்கான பொருட்களை ரேக்கிலிருந்து எடுப்பதில்தான், போகிறது என்று இந்தத் துறை ஆய்வுகளில் அடிக்கடி சொல்லப்படுகிறது. பிக்கிங் நேரத்தில் ஏறக்குறைய பாதி வெறும் நடை. அதனால் உங்கள் ஆர்டர்களின் வடிவம்தான் பிக்கிங் முறையைத் தீர்மானிக்கும். ஒரு வரி ஆர்டர் அதிகம் என்றால் பல ஆர்டர்களை ஒன்றாகச் சேர்த்து எடுத்து, பேக்கிங் மேசையில் பிரிப்பது லாபம். பெரிய ஆர்டர்கள், பரந்த கிடங்கு என்றால் மண்டலம் மண்டலமாகப் பிரித்து எடுப்பது சரிவரும். இந்த அலசல் இல்லாமல் "எங்களுக்கு வேவ் பிக்கிங் வேண்டும்" (ஆர்டர்களை நேரம் வாரியாகத் தொகுத்து எடுக்கும் முறை) என்று கேட்பவர்களை நிறையப் பார்க்கலாம். எதற்கு என்று கேட்டால் பக்கத்து நிறுவனத்தில் இருக்கிறதாம்.

படி 2: தேவைப் பட்டியலைச் சுருக்குங்கள், சூழ்நிலைகளை எழுதுங்கள்

800 வரி எக்ஸெல்லில் "இது இருக்கிறதா" என்று கேட்டால் எல்லா விற்பனையாளரும் 790 இடத்தில் "ஆம்" போடுவார்கள். பட்டியல் வேண்டும்தான், ஆனால் பதில்களை மூன்றாகப் பிரிக்கச் சொல்லுங்கள்: அப்படியே இருக்கிறது, செட்டிங் மாற்றினால் வரும், கோட் எழுத வேண்டும். மூன்றாவது வகையில்தான் செலவு ஒளிந்திருக்கும்.

அதைவிடப் பயனுள்ளது, 15 முதல் 20 சூழ்நிலைகளை ஒரு சின்னக் கதையாக எழுதிக் கொடுப்பது. உதாரணமாக: "ஒரு பேலட்டில் 40 பெட்டி. 30 ஒரு பேட்ச், 10 இன்னொன்று. பேலட் லேபிளில் ஒரு பேட்ச்தான் அச்சாகியிருக்கிறது. இறக்கிய பிறகுதான் கண்டுபிடிக்கிறோம். ஏற்கெனவே ரேக்கில் ஏற்றியாயிற்று, அதிலிருந்து 5 பெட்டி ஓர் ஆர்டருக்கு ஒதுக்கப்பட்டும் விட்டது. இப்போது காட்டுங்கள்." ரிட்டர்ன்ஸில் ஒன்று, சேதமான சரக்கில் ஒன்று, ஆர்டர் எண்ணே இல்லாமல் வரும் லாரிக்கு ஒன்று, லாரியில் பாதி ஏற்றிய பிறகு பேட்சை நிறுத்திவைக்கச் சொல்லும் தரக் கட்டுப்பாட்டுக்கு ஒன்று. கிடங்கு ஆட்களிடம் "போன மாதம் தலைவலி கொடுத்தது எது" என்று கேட்டால் அரை நாளில் இந்த நோட்டு நிரம்பிவிடும்.

படி 3: யார் யாரைக் கூப்பிடுவது

சந்தையில் இரண்டு பெரிய முகாம்கள். கிடங்கு, சப்ளை செயின் சாஃப்ட்வேரையே தொழிலாகக் கொண்டவர்கள் ஒரு பக்கம்: மன்ஹாட்டன், புளூ யாண்டர், முன்பு கோர்பர் என்ற பெயரில் இருந்து 2025-ல் இன்ஃபியோஸ் ஆன நிறுவனம். இ.ஆர்.பி விற்பவர்களின் டபிள்யூ.எம்.எஸ் இன்னொரு பக்கம்: எஸ்.ஏ.பி-யின் இ.டபிள்யூ.எம், 2016-ல் லாக்ஃபயரை வாங்கி ஆரக்கிள் கொண்டுவந்த கிளவுட் டபிள்யூ.எம்.எஸ், மைக்ரோசாஃப்ட் டைனமிக்ஸ் 365, இன்ஃபோர். ஓடூ, இ.ஆர்.பி.நெக்ஸ்ட் போன்ற திறந்த மூல மென்பொருள்களிலும் கிடங்குப் பகுதி உண்டு. எளிமையான கிடங்குக்கு அவை போதும். பல ஷிப்ட், தானியங்கி இயந்திரம், பல வாடிக்கையாளர்களின் சரக்கு என்று வரும்போது நிறைய நீங்களே கட்ட வேண்டியிருக்கும்.

என் கருத்தைக் கேட்டால்: கிடங்கு சிக்கலாக இல்லையென்றால் உங்கள் இ.ஆர்.பி குடும்பத்திலேயே முதலில் தேடுங்கள், இணைப்பு வேலை பாதியாகும். கிடங்குதான் உங்கள் தொழிலின் உயிர் என்றால் முதல் முகாமுக்குப் போங்கள், இணைப்புச் செலவைப் பொறுத்துக்கொள்ளலாம்.

எஸ்.ஏ.பி-யில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அவர்களின் பழைய இ.ஆர்.பி-யான இ.சி.சி-க்கான வழக்கமான பராமரிப்பு 2027 முடிவோடு நிற்கிறது, கூடுதல் கட்டணத்தோடு 2030 வரை நீட்டிக்கலாம். அதன் இடத்தில் வந்த எஸ்/4 ஹானாவில் கிடங்குக்கு அவர்கள் காட்டும் வழி இ.டபிள்யூ.எம். அதையும் இரண்டு விதமாக வைக்கலாம்: இ.ஆர்.பி-க்குள்ளேயே, அல்லது தனி சிஸ்டமாக. உள்ளேயே வைத்தால் இணைப்புத் தொல்லை குறைவு, ஆனால் பராமரிப்புக்காக இ.ஆர்.பி-யை நிறுத்தும் அந்த ராத்திரி கிடங்கும் நிற்கும். 24 மணி நேரமும் லாரி ஏற்றுபவர்கள் இதை யோசிக்காமல் முடிவெடுக்கக் கூடாது.

கிளவுடா சொந்த சர்வரா என்ற சண்டை ஏறக்குறைய முடிந்துவிட்டது, புதிதாக வாங்குபவர்களில் பெரும்பாலோர் கிளவுடுக்குத்தான் போகிறார்கள். கேட்க வேண்டியது இரண்டே கேள்வி. இணைய இணைப்பு அறுந்தால் கையில் இருக்கும் ஸ்கேனர் என்ன செய்யும்? பெரும்பாலும் பதில் "நிற்கும்" என்பதுதான், அதனால் இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் இணைப்பு, இரண்டு வெவ்வேறு கேபிள் வழி என்று செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்து, அவர்கள் புதிய பதிப்பை விடும்போது ஒத்திப்போட முடியுமா, எத்தனை வாரம்? உங்கள் உச்ச சீசனில் திரை மாறினால் யார் பொறுப்பு?

படி 4: டெமோவை உங்கள் கைக்கு மாற்றுங்கள்

மூன்று பேருக்கு மேல் டெமோவுக்கு அழைக்க வேண்டாம், அதற்கு மேல் போனால் யார் எதைக் காட்டினார்கள் என்றே மறந்துவிடும். உங்கள் பொருட்களில் ஐம்பதை அவர்களுக்கு முன்கூட்டியே கொடுங்கள், அதில் மோசமானவை கட்டாயம் இருக்கட்டும். டெமோ நாளில் ஸ்கேனரை உங்கள் பிக்கர் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். விற்பனைக்காரர் பின்னால் நிற்கட்டும்.

குறைவாக எடுக்கும் அந்த ஒரு காட்சியை நிதானமாகப் பாருங்கள். பிக்கர் 07-12-03 என்ற இடத்துக்குப் போகிறார், திரை 48 கேட்கிறது, இருப்பது 45. "குறைவு" என்று அழுத்துகிறார். காரணம் கேட்கிறதா? மீதி 3-க்கு வேறு இடத்தை உடனே அந்த ஆளுக்கே காட்டுகிறதா, அல்லது ஆர்டர் அப்படியே தொங்குகிறதா? அந்த இடத்தை எண்ணிப் பார்க்கும் வேலை தானாக உருவாகிறதா? அதே இடத்துக்கு இன்னும் இரண்டு பிக்கர்கள் நடந்துகொண்டிருந்தால் அவர்களுக்குத் தகவல் போகிறதா? 3 குறைந்தது என்ற கணக்கு உடனே இ.ஆர்.பி-க்குப் பறக்கிறதா, சூப்பர்வைசர் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறதா? பேக்கிங் மேசையில் இருப்பவருக்கு 45 என்று தெரியுமா, 48-ஐத் தேடிக்கொண்டிருப்பாரா? இந்த ஒரு காட்சியிலேயே பாதி முடிவு வந்துவிடும். "அதெல்லாம் செய்யலாம் சார்" என்ற பதிலை "இல்லை" என்றே குறித்துக்கொள்ளுங்கள்.

பட்டன் அழுத்தங்களையும் எண்ணுங்கள். ஒரு வரிக்கு இரண்டு நொடி கூடினால் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். நாளைக்கு 20,000 வரி என்றால் 40,000 நொடி, அதாவது தினமும் 11 மணி நேரத்துக்கு மேல்.

அப்புறம் ஏற்கெனவே பயன்படுத்தும் ஒரு கிடங்கைப் போய்ப் பாருங்கள். விற்பனையாளர் கூட வராமல் போக முடிந்தால் நல்லது. ஐ.டி தலைவரைவிட ஷிப்ட் சூப்பர்வைசரிடம் பேசுங்கள், "இன்னும் எந்த வேலையைத் தாளில் செய்கிறீர்கள்" என்று மட்டும் கேளுங்கள்.

படி 5: விலையும் ஒப்பந்தமும்

லைசென்ஸ் விலை மொத்தச் செலவில் ஒரு துண்டுதான். நிறுவும் வேலை, இணைப்புகள், ஸ்கேனர், பிரிண்டர், வை-ஃபை, ரேக் லேபிள், தரவு சுத்தம் செய்யும் ஆட்கள், பயிற்சி நேரத்துக்கான சம்பளம், பழையதும் புதியதும் சேர்ந்து ஓடும் மாதங்கள் எல்லாம் வெளியே நிற்கும். ஐந்து ஆண்டுக் கணக்காகப் போட்டு ஒப்பிடுங்கள்.

லைசென்ஸை எதை வைத்து எண்ணுகிறார்கள் என்பது முக்கியம். பெயர் சொல்லி ஒவ்வொரு ஆளுக்குமா, ஒரே நேரத்தில் உள்ளே இருப்பவர்களுக்கா, கிடங்குக்கா, ஆர்டர் வரிக்கா? மூன்று ஷிப்ட் ஓடும் இடத்தில் முதல் இரண்டுக்கும் இடையே மூன்று மடங்கு வித்தியாசம் வரலாம். சீசனுக்கு மட்டும் வரும் தற்காலிக ஆட்களை எப்படி எண்ணுவார்கள் என்றும் கேளுங்கள். சோதனைக்கான தனி சிஸ்டம் விலைக்குள் இருக்கிறதா, விலகும்போது உங்கள் தரவை எந்த வடிவத்தில் திருப்பித் தருவார்கள், இரவு 2 மணிக்கு நின்றால் எத்தனை நிமிடத்தில் ஆள் கிடைப்பார், இவை எல்லாம் எழுத்தில் வரட்டும். இன்னொன்று: விற்க வந்தவர்கள் வேறு, நிறுவ வருகிறவர்கள் வேறு. நிறுவப்போகும் குழுத் தலைவரை ஒப்பந்தத்துக்கு முன்பே சந்தித்து, பெயரையும் ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள்.

கோட் மாற்றம் கேட்கும் முன் ஒரு பழைய கதையை நினைவில் வையுங்கள். ஜெர்மனியின் லிடில் சூப்பர்மார்க்கெட் நிறுவனம் 2011-ல் தொடங்கிய எஸ்.ஏ.பி திட்டத்தை 2018-ல் கைவிட்டது, செலவு சுமார் 50 கோடி யூரோ என்று செய்திகளில் வந்தது. ஸ்டாக்கை விற்பனை விலையில் கணக்கிடும் சாஃப்ட்வேரைத் தங்கள் வழக்கப்படி கொள்முதல் விலைக்கு மாற்றச் சொன்னது ஒரு முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. உங்கள் வழக்கம் எல்லாமே புனிதமில்லை. போட்டியாளரிடமிருந்து உங்களைப் பிரித்துக் காட்டும் வழக்கத்துக்கு மட்டும் கோட் எழுதுங்கள், மற்றதில் சாஃப்ட்வேர் சொல்கிறபடி மாறிக்கொள்ளுங்கள்.

படி 6: தரவு, தரவு, தரவு

திட்டம் தள்ளிப்போனால் காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும், ஆனால் இதற்குத்தான் யாரும் ஆள் ஒதுக்குவதில்லை. ஒப்பந்தம் கையெழுத்தான அன்றே தொடங்கிவிடுங்கள், சாஃப்ட்வேர் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

பொருள் விவரத்தில் மூன்று விஷயம். நீளம், அகலம், உயரம், எடை சரியாக இல்லையென்றால் எந்த ரேக்கில் எது கொள்ளும் என்ற கணக்கு முழுக்கத் தப்பும், 1-1-1 என்று நிரப்பிய பொருட்களை முதலில் பிடியுங்கள். தனி, உள்பெட்டி, பெட்டி, பேலட் என்ற அளவு மாற்றம் ஒவ்வொன்றையும் கையால் சரிபாருங்கள். 12 இருந்த பெட்டியை சப்ளையர் 10 ஆக்கிவிட்டு அதே பார்கோடையே வைத்திருப்பது சாதாரணமாக நடக்கும். அப்புறம் எக்ஸெல்: 00451 என்ற பொருள் எண்ணை எண்ணாக எடுத்துக்கொண்டு முன்னால் உள்ள சைபர்களை விழுங்கிவிடும். நீளமான பார்கோடு எண்ணைச் சுருக்கிக் கடைசி இலக்கங்களைச் சைபராக்கிவிடும். அந்தப் பத்திகளை முதலிலேயே டெக்ஸ்ட் என்று மாற்றிவிட்டு வேலை செய்யுங்கள்.

இடக் குறியீடு ஒரு முறை வைத்தால் பல வருடம் நிற்கும், அதனால் அவசரப்படாதீர்கள். வரிசை, பிரிவு, மட்டம், நிலை என்று 07-12-03-2 போல, எல்லா இடத்திலும் ஒரே நீளத்தில் இருக்கட்டும். பின்னால் ரேக் சேர்த்தால் நுழைக்க எண்களில் இடைவெளி விடுங்கள். நடக்கும் வரிசையைக் குறியீட்டிலிருந்து எடுக்காமல் தனிப் புலமாக வையுங்கள், அப்போதுதான் ஒரு பாதையை மாற்ற நினைத்தால் லேபிளை எல்லாம் கிழித்து ஒட்ட வேண்டியதில்லை. உயரத்தில் உள்ள மட்டங்களின் லேபிளைக் கண் மட்டத்தில் அம்புக்குறியோடும் மட்டத்துக்கு ஒரு நிறத்தோடும் ஒட்டினால் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர் கழுத்தை வளைக்க வேண்டியிருக்காது.

பார்கோடில் ஒரு நுணுக்கம். சப்ளையர் பெட்டிகளில் வரும் ஜி.எஸ்.1-128 பார்கோடுக்குள் பல தகவல்கள் அடுத்தடுத்து இருக்கும், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஓர் அடையாள எண்: 00 என்றால் 18 இலக்க பேலட் எண், 01 என்றால் 14 இலக்கப் பொருள் எண், 10 பேட்ச், 17 காலாவதி, 21 சீரியல். பொருள் எண்ணுக்கும் தேதிக்கும் நீளம் நிலையானது. பேட்சுக்கும் சீரியலுக்கும் நீளம் மாறும், அதனால் பேட்ச் முடிந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிரிப்பான் வர வேண்டும். சில சப்ளையர்களின் பிரிண்டர் அதைப் போடாது. அப்போது பேட்ச் எண், அடுத்து வரும் 21-ஐயும் சீரியலையும் சேர்த்து விழுங்கிவிடும், ஒவ்வொரு பெட்டியும் தனி பேட்சாகப் பதிவாகும். ஸ்டாக் ரிப்போர்ட் பார்த்தால் ஒரு பொருளுக்கு 900 பேட்ச் இருக்கும், யாருக்கும் காரணம் புரியாது. முக்கிய சப்ளையர் ஒவ்வொருவரின் லேபிளையும் முன்கூட்டியே வாங்கி ஸ்கேன் செய்து பாருங்கள். தேதியையும் பாருங்கள்: ஆண்டு, மாதம், நாள் வரிசையில் ஆறு இலக்கம், நாள் இருக்கும் இடத்தில் 00 இருந்தால் அந்த மாதத்தின் கடைசி நாள் என்று பொருள். இதைப் புரிந்துகொள்ளாத சிஸ்டம் பிழை காட்டி லாரியை நிறுத்திவிடும்.

படி 7: வை-ஃபை, ஸ்கேனர், பிரிண்டர்

காலிக் கிடங்கில் எடுத்த வை-ஃபை சர்வே எதற்கும் உதவாது. இரும்பு ரேக் அலையைத் திருப்பியடிக்கும், தண்ணீர் நிறைந்த பாட்டில்கள் உறிஞ்சிவிடும். சரக்கு நிரம்பியிருக்கும்போது, தரையிலும் ஃபோர்க்லிஃப்ட் தூக்கும் உயரத்திலும் அளக்கச் சொல்லுங்கள். 2.4 ஜிகாஹெர்ட்ஸில் ஒன்றின்மேல் ஒன்று படியாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான், அதனால் ஸ்கேனர்களை 5 ஜிகாஹெர்ட்ஸில் ஓடவிடுவது நல்லது. ஓடும் வண்டி ஒரு ஆக்சஸ் பாயின்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் நொடியில் இணைப்பு அறுகிறதா என்று பார்ப்பதுதான் உண்மையான சோதனை.

பழைய விண்டோஸ் ஸ்கேனர்களை வைத்தே ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், விண்டோஸ் எம்பெடட் ஹேண்ட்ஹெல்ட் 6.5-க்கான ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. ஆண்ட்ராய்டு எடுங்கள், எத்தனை ஆண்டு பாதுகாப்பு அப்டேட் என்று கேட்டு எடுங்கள், ஆளுக்கு ஒன்று போக உதிரியும் கூடுதல் பேட்டரியும் வையுங்கள். ரேக் லேபிளை ரிப்பன் போட்டு அச்சடிக்கும் தெர்மல் டிரான்ஸ்ஃபரில்தான் அடிக்க வேண்டும். ரிப்பன் இல்லாத நேரடி தெர்மல் லேபிள் வெளிச்சத்திலும் வெப்பத்திலும் மங்கிவிடும், அனுப்பும் பெட்டிக்கு மட்டும் அது போதும்.

படி 8: விதிகளை அமைப்பது

எங்கே வைப்பது, எதை முதலில் எடுப்பது, பிக்கர்கள் எடுக்கும் கீழ்த் தட்டை எப்போது மேலிருந்து நிரப்புவது என்ற மூன்று விதிகளில்தான் பெரும்பாலான அமைப்பு அடங்கும். ஆரம்பத்தில் எளிமையாகவே வையுங்கள். வேகமாகப் போகும் பொருள் பேக்கிங்குக்கு அருகில், கனமானது கீழே, மற்றது காலியாக உள்ள இடத்தில். நாற்பது விதி எழுதினால் ஒரு பேலட் ஏன் அந்த மூலைக்குப் போனது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

காலாவதி உள்ள பொருளில் முதலில் வந்ததை முதலில் எடு என்பது போதாது, முதலில் காலாவதியாவதை முதலில் எடு என்று இருக்க வேண்டும். இத்தனை நாள் ஆயுள் மிச்சம் இருந்தால்தான் எடுத்துக்கொள்வேன் என்று சொல்லும் வாடிக்கையாளர்களுக்கு அதைத் தனியாக அமைக்க முடிகிறதா பாருங்கள். கீழ்த் தட்டை நிரப்பும் விதியில் குறைந்தபட்ச அளவை மட்டும் நம்பினால், பெரிய ஆர்டர் வரும் நாளில் பிக்கர்கள் காலித் தட்டின் முன் நிற்பார்கள். வரப்போகும் ஆர்டர்களைப் பார்த்து முன்கூட்டியே நிரப்பும் வசதி இருந்தால் அதை இயக்குங்கள்.

படி 9: இ.ஆர்.பி-யோடு இணைப்பது

எந்தத் தகவலுக்கு யார் எஜமான் என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். பொருள் விவரம், விலை, வாடிக்கையாளர் இ.ஆர்.பி-யிடம். இடம், பேலட், வேலை டபிள்யூ.எம்.எஸ்-இடம். ஸ்டாக் எண்ணிக்கை இரண்டிலும் இருக்கும், வித்தியாசம் வந்தால் எதை நம்புவது என்று இப்போதே முடிவெடுங்கள். கிடங்குக்குள் இருக்கும் சரக்குக்கு டபிள்யூ.எம்.எஸ் சொல்வதுதான் கணக்கு என்பது என் கட்சி.

இணைப்பில் தகவல் தொலைவதைவிட இரண்டு முறை வருவது ஆபத்து. நெட்வொர்க் தடுமாறி, "அனுப்பியாயிற்று" என்ற தகவல் மறுபடியும் போனால் இ.ஆர்.பி இரண்டு பில் போடுமா? ஒவ்வொரு தகவலுக்கும் தனி எண் இருந்து, ஏற்கெனவே வந்த எண்ணை மறுபக்கம் ஒதுக்கித் தள்ள வேண்டும். இதைச் சோதனையில் வேண்டுமென்றே செய்து பாருங்கள். தோற்றுப்போன தகவல்கள் எந்தத் திரையில் நிற்கும், காலையில் அதை யார் பார்ப்பார் என்பதற்குப் பெயர் சொல்லி ஓர் ஆள் வேண்டும். தினமும் இரவு இரண்டு பக்க ஸ்டாக்கையும் ஒப்பிட்டு வித்தியாசத்தை மட்டும் காட்டும் ரிப்போர்ட் ஒன்றை முதல் நாளிலிருந்தே ஓடவிடுங்கள்.

படி 10: சோதனையும் பயிற்சியும்

இரண்டாம் படியில் எழுதிய அதே சூழ்நிலைகளைக் கிடங்கு ஆட்களை வைத்து, உண்மையான ஸ்கேனரில், உண்மையான லேபிளில் ஓட்டுங்கள். ஐ.டி ஆட்கள் மேசையில் உட்கார்ந்து எண்களைத் தட்டச்சு செய்து "பாஸ்" போட்டால் அது கணக்கில் சேராது. உச்ச நாளின் ஆர்டர்களை ஒன்றரை மடங்காக்கி ஒரே மணி நேரத்தில் உள்ளே தள்ளுங்கள், எல்லா பிரிண்டரும் ஒன்றாக அச்சடிக்கட்டும். தொங்குவது பெரும்பாலும் பிரிண்ட் வரிசையாகத்தான் இருக்கும்.

பயிற்சியை கோ-லைவுக்கு இரண்டு மாதம் முன்பு கொடுத்தால் எல்லாரும் மறந்துவிடுவார்கள், கடைசி இரண்டு வாரத்தில் வையுங்கள். ஷிப்டுக்கு இரண்டு மூன்று பேரைப் பொறுக்கி ஆழமாகச் சொல்லிக்கொடுங்கள். எது எங்கே என்று தெரிந்த அந்தப் பழைய ஆளையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளியே நிறுத்தினால் முதல் எதிரி அவர்தான்.

படி 11: மாறும் நாள்

1999-ல் அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் நிறுவனம் புதிய இ.ஆர்.பி, திட்டமிடல், வாடிக்கையாளர் மேலாண்மை சாஃப்ட்வேர்களை ஒன்றாக, ஜூலையில், அதாவது ஹாலோவீன் பண்டிகைக்கான ஆர்டர்கள் குவியத் தொடங்கும் நேரத்தில் இயக்கியது. நான்கு ஆண்டு வேலையை முப்பது மாதத்தில் முடிக்க நினைத்தார்கள். கிடங்கில் சரக்கு இருந்தும் 10 கோடி டாலர் அளவுக்கான ஆர்டர்களை அனுப்ப முடியவில்லை. சீசனுக்கு முன் மாறுவது, எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுவது, சோதனைக்கான நேரத்தை வெட்டுவது என மூன்றையும் ஒன்றாகச் செய்தார்கள்.

நீங்கள் சின்னக் கிடங்கு ஒன்றில் முதலில் தொடங்குங்கள், ஆனால் சூழ்நிலைகள் எதுவுமே நடக்காத அளவுக்குச் சின்னதாக வேண்டாம். ஆண்டின் மந்தமான மாதத்தைப் பிடியுங்கள். மாறும் வார இறுதியில் வரவை நிறுத்தி, திறந்திருக்கும் ஆர்டர்களை முடித்து, இடம் வாரியாக எண்ணி ஏற்றுங்கள். பழைய சிஸ்டத்தின் எண்ணிக்கையை அப்படியே ஏற்றினால் பழைய தப்புகளும் கூடவே குடிவரும். திரும்பிப் போவதா வேண்டாமா என்ற முடிவுக்கு ஒரு மணி நேரத்தை முன்கூட்டியே குறித்து, முடிவெடுப்பவர் யார் என்றும் எழுதுங்கள். ஞாயிறு மாலை 4 மணி என்றால் 4 மணிதான், "இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்" என்று இழுத்தால் திங்கள் காலை இரண்டு சிஸ்டமும் இல்லாமல் நிற்பீர்கள்.

முதல் வாரங்களில் வேகம் குறையும், இதை வாடிக்கையாளர் சேவைக்கும் மேலிடத்துக்கும் முன்பே சொல்லிவையுங்கள். குறைந்த வேகத்தைப் பார்த்துப் பதறி "இன்று மட்டும் ஸ்கேன் இல்லாமல் அனுப்பிவிடு" என்று சொல்வதுதான் பெரிய ஆபத்து. அந்த ஒரு நாள் உங்கள் ஸ்டாக் கணக்கைக் கெடுத்துவிடும், அதைச் சரிசெய்ய வாரங்கள் ஆகும்.

ஓடத் தொடங்கிய பிறகு

ஸ்டாக் துல்லியத்தைப் பொருள் மொத்தத்தில் அளக்காதீர்கள், இடம் வாரியாக அளங்கள். ஓர் இடத்தில் 10 கூடுதல், இன்னொன்றில் 10 குறைவு என்றால் மொத்தம் கச்சிதமாக இருக்கும், ஆனால் இரண்டு பிக்கர்கள் வெறுங்கையோடு திரும்புவார்கள். வேகமாகப் போகும் பொருட்களை அடிக்கடியும் மற்றதை எப்போதாவதும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக எண்ணுங்கள், வருடத்துக்கு ஒரு முறை கடையை மூடி எண்ணும் வழக்கம் பல இடங்களில் இதனாலேயே தேவைப்படாமல் போகிறது. அதற்கு உங்கள் ஆடிட்டர் ஒத்துக்கொள்ள வேண்டும், முன்பே பேசிவிடுங்கள். சரக்கு இறங்கியதிலிருந்து எடுக்கத் தயாராகும் வரை ஆகும் நேரம், மணிக்கு எத்தனை வரி, குறைவாக எடுத்த வரிகள் எத்தனை என்ற மூன்றும் ஆரம்பத்துக்குப் போதும். இவற்றைப் பழைய சிஸ்டம் ஓடும்போதே அளந்து வைத்திருந்தால்தான் ஒப்பிட முடியும்.

பழைய சிஸ்டத்தை உடனே அணைக்காதீர்கள். பார்க்க மட்டும் முடியும்படி விட்டுவையுங்கள். மாறுவதற்கு முன் அனுப்பிய சரக்கு மாதங்கள் கழித்தும் பழைய ஆர்டர் எண்ணோடு ரிட்டர்ன் வரும், பேட்ச் விவரம் கேட்டுத் தரக் கட்டுப்பாடு வரும், ஆடிட்டர் வருவார். எத்தனை காலம் வைத்திருக்க வேண்டும் என்பதை உங்கள் ரிட்டர்ன் கெடு, பொருளின் அதிகபட்ச ஆயுள், சட்டப்படி பதிவுகளை வைத்திருக்க வேண்டிய காலம், இந்த மூன்றில் எது நீளமோ அதை வைத்து முடிவு செய்யுங்கள்.